26 கட்டைகளும் 247 எழுத்துகளும்

தமிழ்க் குழந்தை முதன்முதலாக எதிர்கொள்ளும் எழுத்துப் பிரதி எது? பாடநூல் என்று சொல்வோர் உண்டு. சிறுவர் கதைப்புத்தகம் என்று சொல்லி மகிழ்வோரும் உண்டு. பெரும்பாலான வகுப்பறைகளில் அது சுவரில் ஆணியடித்துத் தொங்கும் உயிரெழுத்து அட்டைதான். அதில் அச்சிட்டவர் பெயர் இருக்கும். ஆக்கியவர் பெயர் இராது. ஒரு நாவலின் மூன்றாம் பாகம் தொய்வடைந்ததா என்று ஆறு மாதம் வாதிடும் நம் சிற்றிதழ் உலகம், இலட்சக்கணக்கான குழந்தைகள் வாசிக்கும் இந்தப் பிரதிக்கு ஒரு வரி மதிப்புரை எழுதியதாக நமக்கு நினைவில்லை. இலக்கியம் பேசுகிற இடத்தில் பொம்மைக் கடையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்போருக்கு இதுவே நம் முதல் பதில். நாளைய வாசகர் உருவாவதும் உருவாகாமல் போவதும் அந்தக் கடையின் தட்டுகளுக்கு முன்னால்தான் முடிவாகிறது.

உப்பிலியபுரம் ஒன்றியத்தின் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவருக்குக் கற்றல் கருவி ஏதேனும் வாங்க வேண்டுமென்றால் துறையூர் வந்து பேருந்து மாறித் திருச்சி சத்திரம் நிலையத்தில் இறங்க வேண்டும். மெயின்கார்டு கேட்டையும் தெப்பக்குளத்தையும் சுற்றியுள்ள கடைகளில் ஏறி இறங்க வேண்டும். போக வர ஒரு விடுமுறை நாள் கழிந்துவிடும். அப்படிச் செல்லும் ஆசிரிய நண்பர்களோடு நாமும் சில முறை சென்றிருக்கிறோம். கடையில் முதலில் கண்ணில் படுபவை ஆங்கில எழுத்துக் கட்டைகள்: மரத்தில், பிளாஸ்டிக்கில், ஸ்பாஞ்சில், காந்தத்தில். தமிழ் என்று கேட்டால் சுருட்டி வைத்த அட்டைகளை எடுத்துத் தருவார்கள். மேலும் வற்புறுத்தினால், ஆங்கிலப் பலகையின் அதே அச்சில் வார்த்த 12 உயிரெழுத்துகளும் ஓர் ஆய்தமும் கொண்ட ஒரு பலகை தூசியோடு வெளிவரும். மெய்யெழுத்து இருக்கிறதா என்றால், வருவதில்லை என்பார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல மாட்டோம். கேட்பவர் இல்லாத பொருளை அடுக்கி வைக்க வணிகர்க்கு விதியில்லை. கேட்கத் தெரியாமல் போனவர்கள் நாம்.

அந்த அட்டையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 'ஐ' என்னும் எழுத்துக்கு நேரே ஐந்து மனிதர்கள் நிற்கிறார்கள். ஐவர் என்பது சொல். எழுத்தறியாத குழந்தை அந்தப் படத்தைப் பார்த்து 'ஆளுங்க' என்கிறது. 'ஔ'வுக்கு ஔவையார்; குழந்தை 'பாட்டி' என்கிறது. ஆய்தத்துக்கு எஃகு, குழந்தை 'கம்பி' என்கிறது. படம் ஒன்றைச் சொல்ல, எழுத்து வேறொன்றைச் சொல்ல, நடுவில் பிரம்போடு ஆசிரியர் நின்று சரியான சொல்லை மனப்பாடம் செய்விக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவர்க்கு மட்டுமே விளங்கும் கருவி கற்பிக்கும் கருவியாகுமா? 'ஒ'வுக்கு ஒட்டகம் நிற்கிறது. பச்சைமலை அடிவாரத்துக் குழந்தைக்கு மரவள்ளியும் முந்திரியும் பலாவும் தெரியும். அவை எந்த அட்டையிலும் ஏறுவதில்லை.

படங்களை மாற்றிவிட்டால் தீருமா என்றால், தீராது. பிழை இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஆங்கில எழுத்துகள் 26. அவற்றை 26 கட்டைகளாகச் செய்துவிட்டால் அம்மொழியின் எந்தச் சொல்லையும் அடுக்கிவிடலாம். எழுத்துக் கட்டை என்ற பொருளே அம்மொழியின் இயல்பிலிருந்து பிறந்தது. தமிழின் இயல்பு வேறு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216, ஆக 247 என்று நாம் பெருமையோடு எண்ணிச் சொல்கிறோம். இந்த எண்ணிக்கையைக் கேட்டே மிரண்டு, தமிழ் கடினம் என்று முடிவு கட்டும் பெற்றோரையும் நாம் அறிவோம். 216-ம் தனித்தனி உருவங்கள் அல்ல. மெய்யும் உயிரும் கூடிப் பிறப்பவை. தொல்காப்பியர் காலத்திலிருந்து நாம் அறிந்த இந்த உண்மையைக் குழந்தையின் கைக்கு உணர்த்துகிற ஒரு பொருள் நாம் பார்த்த எந்தக் கடையிலும் இல்லை.

அப்படியொரு பெட்டியைச் செய்வது எவ்வளவு கடினம்? கணக்குப் போட்டே பார்ப்போம். க முதல் ன வரை 18 கட்டைகள். மேலே வைக்க ஒரு புள்ளி. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என 4 குறிகள். மொத்தம் 23 துண்டுகள். இவற்றைக் கொண்டு மெய் 18, அகர வரிசை 18, ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய 7 வரிசைகளின் 126, ஆக 162 எழுத்துகளைக் குழந்தை தானே கூட்டலாம். ஔகாரத்துக்கு வேண்டிய ளகர வடிவம் 18-லேயே இருக்கிறது. இ, ஈ, உ, ஊ வரிசைகளில்தான் குறி மெய்யோடு ஒட்டிக்கொள்கிறது. கு, சு, து, பு என்று உகரம் ஆளுக்கொரு வடிவம் எடுக்கிறது. அந்த 72-ஐத் தனிக் கட்டைகளாகச் செய்ய வேண்டும். உயிர் 12-ஐயும் ஆய்தத்தையும் சேர்த்தால் 108 துண்டுகள். திரும்ப வரும் எழுத்துகளுக்குக் கூடுதல் படிகள் சில வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு இவ்வளவு ஒழுங்காக வருவதற்குக் காரணமும் உண்டு. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் முன்பு ஒட்டிய தனி வடிவங்களாக இருந்தன. பெரியார் 1935-லேயே தம் குடிஅரசு இதழில் அவற்றைப் பிரித்து அச்சிட்டார். தமிழக அரசு 1978-ல் அதை ஏற்று ஆணையிட்டது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அந்தச் சீர்திருத்தம் என்ன செய்தது என்று எழுதிக் குவித்திருக்கிறோம். குழந்தையின் விரல்களுக்கு அது திறந்துவிட்ட வாசலை, அதற்குப் பிறகு வந்த இத்தனை ஆண்டுகளில் பொம்மை செய்வோரும் எட்டிப் பார்க்கவில்லை, தமிழ்த்துறையினரும் எட்டிப் பார்க்கவில்லை.

இதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? கல்லூரி முதலாண்டு விடைத்தாள்களில் 'ரு'வுக்கு 'ரூ'வும் 'நு'வுக்கு 'நூ'வும் எழுதித் தடுமாறும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். தடுமாற்றம் பெரும்பாலும் அந்த 72 எழுத்துகளுக்குள்தான் நிகழ்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் இருந்த பிள்ளை அது. எந்த எழுத்துகள் கூட்டினால் வருபவை, எவை தனியே நினைவில் கொள்ள வேண்டியவை என்று அந்தப் பிள்ளைக்கு ஆறு வயதில் எவரும் கையில் கொடுத்துக் காட்டவில்லை. வீட்டில் நூலகம் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை எப்படியும் தப்பித்துக்கொள்ளும். மலையிலிருந்து இறங்கி உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு வகுப்பறையில் கிடைக்கும் பொருளே எல்லாம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது பொய்யாகும். 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987-ல் கரும்பலகைத் திட்டம் வந்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு வரைபடம், பொம்மை, அறிவியல் பெட்டி எனப் பொருள்கள் வந்து இறங்கின. அவற்றில் பெரும்பகுதி பீரோவிலேயே உறங்கிற்று. ஏன் என்பதை 1992-ல் வெளியான நடுவணரசின் செயல்திட்ட ஆவணமே ஒத்துக்கொண்டது: பயன்படுத்த ஆசிரியர்க்குப் பயிற்சி தரப்படவில்லை, உள்ளூர்த் தேவைக்கேற்ப மாற்ற இடமின்றி எங்கும் ஒரே பட்டியல், உடைந்தால் மாற்ற வழியில்லை. மூன்றாவது காரணத்தைச் சற்று யோசியுங்கள். பொருள் உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் கையெழுத்திட்ட தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். அவர் பூட்டத்தானே செய்வார்? குழந்தை தொட்டால் தேயும், உடையும் என்பதை ஏற்காத ஒரு கணக்குமுறை, பொம்மையைச் சொத்தாக்கிவிட்டது.

பின்னர் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-ல் மாநிலமெங்கும் பரவியது. ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் அனுபவத்திலிருந்து ஊக்கம் பெற்ற அந்த முறை, அட்டையைக் குழந்தை தானே எடுத்துப் படிக்கலாம் என்றது. கரும்பலகையைக் குழந்தையின் உயரத்துக்கு இறக்கியது. கம்பிப் பந்தலில் குழந்தை வரைந்ததைத் தொங்கவிட்டது. அது ஒரு மாண்பு, மறுக்க மாட்டோம். ஆனால் எந்த அட்டை, எந்தப் படம், எந்த வரிசை என்பதெல்லாம் மேலேயே முடிவாயின. ஏணியில் ஒரு படிக்குரிய அட்டை தொலைந்தால் ஆசிரியை தாமே ஒன்றை வைக்க முடியாது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைவாரியாகப் பார்க்கிறது; பாடலும் பொம்மலாட்டமும் வகுப்பறைக்குள் வந்திருக்கின்றன. அங்கும் துணைக்கருவி செய்யும் சுமை தங்கள் தலையில் விழுகிறது என்று ஆசிரியர்கள் வெளிப்படையாகவே சொல்லி வருகிறார்கள். ஒரு திட்டத்தில் பொருள் வருகிறது, தேர்வு செய்யும் உரிமை வருவதில்லை. மற்றொன்றில் பொறுப்பு வருகிறது, பணம் வருவதில்லை.

சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கற்றல் கருவிகளுக்கென்று வழங்கப்பட்டது. சிறு தொகைதான். இருந்தும், எதை வாங்குவது என்று ஆசிரியை நினைத்துப் பார்க்க இடமளித்த தொகை அது. அந்த இடத்தை விரிவாக்கக் கேட்டிருக்க வேண்டிய நாம், அதைச் சார்ட் அட்டைக் காசு என்று கேலி பேசிக் கழித்தோம்.

இங்கே இன்னொரு குரல் எழும். கடை எதற்கு? கழித்துப்போட்ட பொருளிலிருந்தே கருவி செய்யலாமே என்பார்கள். தீக்குச்சியையும் வால்வு டியூபையும் கொண்டு வடிவகணிதம் கற்பித்த அரவிந்த் குப்தாவை நாமும் வணங்குகிறோம். அவர் அதைச் செய்தது குழந்தை தானே செய்து பார்க்க வேண்டும் என்பதற்காக. அதையே அரசும் நிர்வாகமும் சிக்கனத்துக்குச் சாக்காக்கினால் பொருள் மாறிவிடுகிறது. ஆசிரியை இரவெல்லாம் விழித்துத் தெர்மாகோல் வெட்டி, சொந்தக் காசில் வண்ணம் பூசி, கண்காட்சியில் வைத்துச் சான்றிதழ் வாங்குகிறார். மறுநாள் குழந்தை தொட்டால் நொறுங்கும் என்று அது உயரத்தில் மாட்டப்படுகிறது. நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைக்குத் தேக்கும் பீச்சும், ஒன்றியப் பள்ளிப் பிள்ளைக்குக் கழிவுப் பொருளும் என்பதை எளிமையின் பெயரால் ஏற்க நாம் தயாரில்லை.

வெளிநாட்டுச் சரக்கு என்று முகம் சுளிப்பதும் நம் நோக்கமன்று. அறிவு போய்வரும் வழிகள் விசித்திரமானவை. 1789-ல் எழும்பூரில் தொடங்கப்பட்ட ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல், இங்குள்ள திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு வியந்து, தம் இல்லத்தில் அதைப் புகுத்தினார். 1797-ல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. இன்று அதே மணல், பிளாஸ்டிக் தட்டில் ஆங்கிலப் பெயரோடு, பல நூறு ரூபாய் விலையில் கடைத்தட்டில் இருக்கிறது. உப்பிலியபுரத்து ஆசிரியை அதன் விலையைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறார். பள்ளி வாசலில் மணல் கிடக்கிறது. ஆய்வுக்கு வருபவர் மணலைக் கருவி என்று எழுதிக்கொள்வாரா என்பதே அவருடைய தயக்கம்.

ஆகவே கடையில் எதைத் தேர்வது என்பதற்கு நம் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர் வாய் திறக்காமலே பிழையைக் குழந்தைக்குக் காட்டித் தருகிறதா? மாண்டிசோரி அம்மையாரின் உருளைக் கட்டைகள் அப்படிப்பட்டவை. உருளையைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று இடமின்றி மிஞ்சும். அவர் 1939-ல் சென்னை அடையாற்றுக்கே வந்து பயிற்சி தந்தவர் என்பதை நினைவூட்டுகிறோம். அடுத்து, ஒரே பொருளைப் பத்து விதமாகப் பயன்படுத்த முடிகிறதா? பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மை மூன்றாம் நாள் சலித்துவிடும். ஒரு பை புளியங்கொட்டை சலிப்பதில்லை. மூன்றாவது, தமிழின் இயல்பை அது மதிக்கிறதா, ஆங்கிலப் பலகையின் மேல் தமிழை ஒட்டியிருக்கிறதா? கடைசியாக, 2021 ஜனவரி முதல் கட்டாயமாகியுள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு இதில் விலக்கு உண்டு என்பதையும் அறிந்து வைத்திருங்கள். அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்களின் சொப்புச் சாமான்களைப் பார்த்தவர்க்கு, அந்தக் கைகளால் 108 எழுத்துக் கட்டைகளைச் செய்ய இயலாது என்று சொல்ல மனம் வராது.

நாம் கேட்பவை மூன்று. ஆசிரியை தம் விருப்பப்படி செலவிட ஒரு தொகை வேண்டும்; உடைந்ததை உடைந்தது என்று எழுதிக் கழிக்க உரிமையும் அதோடு வேண்டும். உயிர்மெய் கூட்டும் எழுத்துப் பெட்டி ஒன்றைத் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் பாடநூலைப் போலவே செய்து எல்லாப் பள்ளிக்கும் தர வேண்டும். அதன் வடிவத்தைத் தீர்மானிக்கும் மேசையில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களும் தச்சர்களும் தமிழாசிரியர்களும் உட்கார வேண்டும்.

இந்தப் பக்கத்தை வாசிப்போரில் பலர் தமிழ் படித்தவர்கள், சிலர் பதிப்பாளர்கள், சிலர் ஓவியர்கள். வாசகர் இல்லையே என்று மாதந்தோறும் புலம்புகிறோம். அடுத்த முறை திருச்சிக்கோ மதுரைக்கோ போகும்போது அப்படியொரு கடைக்குள் நுழைந்து, தமிழ் மெய்யெழுத்துக் கட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்பார்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் எழுதி வைத்துக்கொள்வார். நூறு பேர் கேட்டால் எவரேனும் ஒருவர் செய்யத் தொடங்குவார்.