பறிக்கக்கூடியது சேகரிப்பாகுமா?

கல்குடாவில் மாரி தொடங்கிவிட்டால் மின்சாரமும் தொலைபேசி இணைப்பும் சொல்லிக்கொள்ளாமலே போய்விடும். அப்படியொரு மாலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் மூண்ட வாக்குவாதம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

டொரொண்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் மகன், கையடக்க விளையாட்டுக் கருவியொன்றை என்னிடம் நீட்டினான். முந்நூறுக்கும் அதிகமான வீடியோ விளையாட்டுகளின் படங்கள் அதில் வரிசையாக நின்றன. ஒன்றுகூடக் கடையில் பெட்டியாக வாங்கியதல்ல. அத்தனையும் பணம் செலுத்தித் தரவிறக்கியவை. "மாமா, உங்களுக்குப் புத்தகம், எனக்கு இது. இதுவும் ஒரு சேகரிப்புத்தானே?" என்றான்.

நான் வாய் திறப்பதற்குள், தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் தீர்ப்பு வழங்கிவிட்டார். "தம்பி, தூசி தட்ட ஏலாத சாமான் சேகரிப்பாகாது. தட்டில அடுக்கலாமா? கையில தூக்கலாமா? பேரப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா?"

நண்பரின் தீர்ப்பு தவறானது. மருமகனின் பெருமிதமும் அவசரமானது. இருவருமே பொருளின் வடிவத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியது பொருளுக்கும் அதை வைத்திருப்பவனுக்கும் இடையிலான உறவை. கொடுத்தவன் நினைத்தால் திரும்பப் பறித்துக்கொள்ள முடியுமா? முடியுமென்றால் அது தட்டில் இருந்தாலும் சேகரிப்பாகாது. முடியாதென்றால் அது வெறும் மின்கோப்பாக இருந்தாலும் சேகரிப்புத்தான். இதுவே என் கட்சி.

முதலில் நண்பரின் வாதத்தை எடுத்துக்கொள்வோம்.

கடதாசியின் அருமையை எனக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வைக்கோலையும் கழிவுக் கடதாசியையும் கூழாக்கிக் காகிதம் செய்த வாழைச்சேனை ஆலையின் அயலில் வளர்ந்தவன் நான். அதேவேளை, கடதாசியின் ஆயுளையும் நேரிற் கண்டிருக்கிறேன். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி எங்கள் வீட்டுக் கூரையைத் தூக்கிச் சென்றபோது எனக்கு எட்டு வயது. மழை ஓய்ந்த பின்னர் என் தந்தையார் தம் புத்தகங்களை முற்றத்துப் பாயில் பரப்பி, பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அவற்றிற் பாதி தப்பியது. அந்தப் பாதியோடு நான் பத்திரிகைத் தொழிலில் சேர்த்தவற்றையும் கூட்டி, ஓர் அறை நிறைய வைத்திருந்தேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் வந்தது. காயவைப்பதற்கு அன்று ஒன்றும் மிஞ்சவில்லை.

இயற்கையை மாத்திரம் குறை சொல்வானேன்? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவையெல்லாம் தட்டில் அடுக்கப்பட்டவை; கையால் தூக்கக்கூடியவை; முறைப்படி தூசி தட்டப்பட்டவை. தொட்டுணரக்கூடிய தன்மை ஒன்றே பாதுகாப்பென்றால், உலகிலேயே பாதுகாப்பான சேகரிப்பு நம்முடையதாக இருந்திருக்க வேண்டும்.

தவிரவும், பெட்டியும் தட்டும் இன்று பழைய பெட்டியும் தட்டுமல்ல. 2025 ஜூனில் நின்டெண்டோ நிறுவனம் 'சுவிட்ச் 2' என்னும் கருவியை வெளியிட்டது. அதற்கான விளையாட்டுகளிற் சில, 'சாவி அட்டை' என்ற வகையில் கடைகளில் விற்கப்படுகின்றன. பெட்டி உண்டு, அட்டை உண்டு, அட்டைக்குள் விளையாட்டு இல்லை. அட்டையைச் செருகினால், விளையாட்டை இணையத்திலிருந்து தரவிறக்க அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். நிறுவனத்தின் வழங்கி ஒருநாள் நின்றுபோனால், அதற்குப் பின் வாங்கியவர் கையிலிருப்பது வழியற்ற வீட்டின் திறப்பு. நண்பர் அதைத் தாராளமாகத் தூசி தட்டலாம்.

இனி மருமகனிடம் வருகிறேன்.

அன்று மாலை இணைய இணைப்பு அறுந்ததும் அவன் கருவியில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. சில விளையாட்டுகள் வழமைபோலத் திறந்தன. வேறு சில, இணைப்பை ஏற்படுத்திக் கணக்கை உறுதிப்படுத்தும்படி கேட்டுவிட்டு அடம்பிடித்து நின்றன. அவையும் அதே கருவியில் இருந்தன. அவற்றுக்கும் முழுப்பணம் செலுத்தப்பட்டிருந்தது. எங்கோ ஒரு நாட்டிலுள்ள இயந்திரம் தலையசைக்காமல் தன் பொருளைத் தான் தொட முடியாத நிலையில், கல்குடா மழையைப் பார்த்தபடி இருந்தான் பிள்ளை. எது தன்னுடையது, எது தனக்கு இரவல் தரப்பட்டது என்பதை ஒரு மின்வெட்டு பிரித்துக் காட்டிவிட்டது.

இது ஒரு கிராமத்தின் இணைப்புக் கோளாறு மாத்திரமல்ல. பிரான்சின் யுபிசொஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற காரோட்ட விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச் 31ஆம் திகதி அதன் வழங்கிகள் நிறுத்தப்பட்டன. தனியே விளையாடுவதற்கும் அந்த வழங்கிகள் தேவைப்பட்டமையால், காசு கொடுத்து வாங்கியவர்களின் விளையாட்டு ஒரே நாளில் உயிரிழந்தது. இறுவட்டாக வாங்கித் தட்டில் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். அந்தச் சீற்றத்திலிருந்து பிறந்ததே 'விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்னும் இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்திடம் அது முன்வைத்த மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர்.

"விளையாட்டுத்தானே, போகட்டும்" என்று சொல்லத் துடிக்கும் இலக்கிய அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்கும் அதே திருடன் வந்து போயிருக்கிறான். 2009 ஜூலையில் அமேசன் நிறுவனம், வாசகர்கள் விலைகொடுத்து வாங்கிய இரண்டு மின்னூல்களை அவர்களது கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே அழித்தது. அவற்றைப் பதிவேற்றி விற்றவருக்கு உரிமை இல்லையென்பது சொல்லப்பட்ட காரணம். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அழிக்கப்பட்டவை எவை தெரியுமா? ஜோர்ஜ் ஓர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய இரண்டும்! எந்த நையாண்டி எழுத்தாளனும் இதனிலும் பொருத்தமாகக் கற்பனை செய்திருக்க மாட்டான். 2025 பெப்ரவரி 26ஆம் திகதியோ, வாங்கிய நூலைக் கணினிக்குத் தரவிறக்கி யூஎஸ்பி வடத்தினூடாக மாற்றிக்கொள்ளும் வசதியையும் அதே நிறுவனம் நிறுத்திவிட்டது.

கடைக்காரர் 'வாங்குக' என்று பொத்தானில் எழுதுகிறார். ஒப்பந்தத்தின் பொடியெழுத்தில் 'இது விற்பனையல்ல, பயன்படுத்தும் அனுமதி' என்று எழுதுகிறார். நாற்பது பக்க ஒப்பந்தத்தை எவர் படிக்கிறார்? நம்மூர்ச் சந்தையில் ஒருவர் மீனை விற்றுவிட்டு, "தின்ன மட்டும்தான் அனுமதி, நான் கேட்டால் சட்டியோடு திருப்பித் தரவேண்டும்" என்று சொன்னால் அவர் பாடு என்னவாகும்?

இந்தப் புரட்டைக் கலிபோர்னியா மாநிலம் கண்டுகொண்டது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள அங்குள்ள சட்டத்தின்படி, வழங்குவது அனுமதி மாத்திரமே என்பதைத் தெளிவாக எடுத்துரைக்காமல் இலத்திரனியற் பண்டங்களுக்கு 'வாங்குக' என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது. என் வாதத்துக்கு வலுச் சேர்ப்பது அச்சட்டத்திலுள்ள ஒரு விதிவிலக்கு. இணையத் தொடர்பின்றியே பயன்படுத்தத்தக்கதாக நிரந்தரமாகத் தரவிறக்கிக்கொள்ளக்கூடிய பண்டங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதாவது தரவிறக்கம் என்பதால் ஒன்று உடைமையல்லாமற் போய்விடுவதில்லை. மீளப் பறிக்க முடியாத தரவிறக்கத்தை 'வாங்கியது' என்று சொல்லலாமெனச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. பூட்டில்லாத கோப்புகளாகவே விளையாட்டுகளை விற்கும் 'கொக்' என்னும் கடை 2008 முதல் இயங்கி வருகிறது. அங்கு வாங்கிய நிறுவற்கோப்பை வன்தட்டில் படியெடுத்து வைத்துவிட்டால், நாளை கடையே மூடுண்டாலும் அது உங்களுடையது.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்குப் பற்றிய கவலை என்று எண்ணுவோருக்கு 'வெண்பா'வை அறிமுகப்படுத்துகிறேன். டொரொண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கி, 2023 ஜூலை 31ஆம் திகதி தரவிறக்கமாக வெளியிட்ட விளையாட்டு அது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் கொடுத்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் அவித்தெடுப்பதுதான் ஆட்டம். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அதற்கு வழங்கியது.

அன்று மழையில் மருமகனின் கருவியில் திறந்தவற்றுள் 'வெண்பா'வும் ஒன்று. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அந்தப் பிள்ளை, புட்டுக்குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் எந்த ஒழுங்கில் இடவேண்டுமென்று என் தங்கையிடம் கேட்டு ஆடினான். கருவியைப் பார்த்திருந்த நண்பரும் வாயடைத்துப் போனார். புலம்பெயர்ந்த தமிழர் வாழ்வின் ஒரு பதிவு அது. நாவலாக வந்திருந்தால் தேடிப் பிடித்து அட்டை போட்டு வைத்திருப்போம். இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்குச் சேரவேண்டுமென 1954ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு விளையாட்டு முப்பது ஆண்டுகளின் பின்னர் எங்கே கிடைக்குமென்று எவரும் கேட்கவில்லை. 2010க்கு முன்னர் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதமானவை இன்று விற்பனையில் இல்லையென, அங்குள்ள வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அத்துணை வசதிபடைத்த நாட்டிலேயே இந்நிலை என்றால் நம் பிள்ளைகளின் ஆக்கங்களை யார் காப்பார்?

தமிழர்க்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. பனையோலை நிலைக்கும் பொருளல்ல; செல்லரிக்கும், நொறுங்கும். ஆயினும் சங்க நூல்கள் நம் கைக்கு வந்தன. தலைமுறை தலைமுறையாக யாரோ படியெடுத்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதும், உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சேற்றியதும் அந்தப் படிகளைத் தேடிப் பெற்றுத்தான். ஏட்டைப் படியெடுக்க ஒவ்வொரு முறையும் எங்கோ இருக்கும் வணிகரின் இசைவு வேண்டுமென்றிருந்தால் நாம் வெறுங்கையோடு நின்றிருப்போம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் செய்வது அந்தப் பழைய வேலையையே. கடல் கொண்டுபோன என் இதழ்களிற் சிலவற்றை நூலகத்தின் இணையத்தளத்திலேதான் மீளக் கண்டேன். தரவிறக்கி மூன்று வன்தட்டுகளில் வைத்திருக்கிறேன். அவை என் சேகரிப்பல்ல என்று சொல்ல நண்பருக்கு என்ன உரிமை?

ஒரு மறுப்பு எழும். தாராளமாகப் படியெடுக்க விட்டால் ஆக்கியோன் பட்டினி கிடப்பானே? எழுத்தை விற்றுச் சோறு தின்றவன் நான். இந்த அச்சத்தை இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் கடைத்தெருக்களில் திருட்டு இறுவட்டுகள் மலிந்து கிடந்த காலத்தையும் மறக்கவில்லை. ஆனால் வாங்கியவன் தனக்கென ஒரு படி வைத்திருப்பதும், அதை நூறு பேருக்கு விற்பதும் ஒன்றல்ல. புத்தகத்தை வாங்கியவன் அதை மறுபதிப்புச் செய்ய முடியாது. ஆனால் பதிப்பாளர் அவன் வீட்டுக்குள் புகுந்து அதை எடுத்துச் செல்லவும் முடியாது. நூற்றாண்டுகளாக நிலவிவந்த இந்தச் சமநிலையைத்தான் கோருகிறோம், சலுகையை அல்ல.

ஆகவே சேகரிப்பாளர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒன்றைச் சேகரிப்பில் சேர்க்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இணைப்பை அறுத்த பின்னரும் திறக்கிறதா? வேறொரு வன்தட்டுக்குப் படியெடுக்க முடிகிறதா? விற்ற நிறுவனம் நாளை மூடுண்டாலும் இயங்குமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் பெருமையோடு பட்டியலில் எழுதுங்கள். இல்லையென்றால் 'இரவல்' என்று தனிப்பட்டியல் போடுங்கள். இரவல் வாங்கி ஆடுவதில் பிழையில்லை. நூலகத்தில் இரவல் பெற்று வளர்ந்தவர்கள்தானே நாம்? இரவலைச் சொந்தமென்று நம்பவைத்துச் சொந்தத்தின் விலையை அறவிடுவதுதான் பிழை.

மருமகன் புறப்படுவதற்கு முன்னர் அந்தக் கணக்கெடுப்பைச் செய்து பார்த்தான். முந்நூறுக்கும் அதிகமாக இருந்த பட்டியலில் அவனுடையதென்று துணிந்து சொல்லக்கூடியவை எண்பதுக்குச் சற்றுக் குறைவு. அவற்றைப் படியெடுத்த வன்தட்டு ஒன்றை என்னிடம் ஒப்படைத்துச் சென்றிருக்கிறான். அதை என் வன்தட்டுகளோடு, கடல் மட்டத்திலிருந்து சற்று உயரத்தில், அலுமாரியின் மேற்தட்டில் வைத்திருக்கிறேன். சென்ற வாரம் வந்த நண்பர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, தூசி தட்டி வைத்தார்.