செபமும் வாதமும்

மாற்றம் நேருங்கால் திருச்சபையார் செபித்தாற் போதும், வாதிடல் வேண்டா என்பர் சிலர். இது பக்தியன்று; பொறுப்பினின்றும் நழுவுதலே.

1919இல் தரங்கம்பாடியிற் கூடியோர் செபத்தோடுதான் சபை ஐக்கியத்தை நாடினர். ஆயினும் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டெம்பர் 27இலேயே. இடைப்பட்ட 28 ஆண்டுகளும் பேராயர் பதவி, குருவபிஷேகம் என்பனபற்றி வாதம் நிகழ்ந்தது. செபம் அவ்வாதத்தை அடக்கவில்லை. மாறுபட்டோரைப் பிரிந்துபோகாது இருத்தியது. அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணச் சபையும் அவ்வைக்கியத்தில் இணைந்தது.

2009இல் போர் ஓய்ந்தபின் கண்டாவளைக்கு மீண்ட கிறிஸ்தவர்க்கும் இதுவே பாடம். ஆலயத்தை முதலிற் கட்டுவதா, வீடிழந்தோரைத் தாங்குவதா என்பதைச் செபம் தானே தீர்த்துவிடாது; விதவையும் இளைஞரும் பேசக் கேட்குஞ் செவியை அது தரல் வேண்டும். ‘செபித்து முடிவுசெய்தோம்’ என மேலிருந்து அறிவித்தல் வழிகாட்டலன்று, வாயடைத்தல்.