பழைய காருக்கு மலிவான இருக்கை



தாப்பாவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையார் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். பல ஆண்டுகளுக்கு முன் கிராணி ஒருவரிடம் அவர் வாங்கிய மோரிஸ் மைனர் கார் இன்னும் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறதாம். என்ஜினைத் தம்பியே சரிப்படுத்திவிட்டார். பெயிண்டும் அடித்தாகிவிட்டது. "முன் இருக்கைகள் இரண்டும் உட்கார முடியாத நிலையில் உள்ளன. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க என் ஒரு மாதச் சம்பளம் போதாது. மலிவாக வேறு வழி உண்டா?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். 2025-ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அரிசி, பருப்பு, வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் போக, பழைய காரின் இருக்கைக்கு அதில் எவ்வளவு ஒதுக்க முடியும்? ஆகவே மலிவு வழியைத் தேடுவதில் தவறே இல்லை. ஆனால் எதில் மலிவு பார்க்கலாம், எதில் பார்க்கக் கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே போர்த்தும் துணியில் சிக்கனம் செய்யலாம். உள்ளே இருக்கும் மெத்தையிலும் ஓரளவு செய்யலாம். இருக்கையைத் தாங்கும் தரையிலும், பிடித்து நிறுத்தும் போல்ட்டிலும், உயிரைக் காக்கும் வாரிலும் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. சுவர் இருந்தால்தான் சித்திரம்.

மோரிஸ் மைனர் 1948-ல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் அவரே. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெருமை மோரிஸ் மைனருக்கு உண்டு. அந்தக் காலத்துக் கார் இருக்கைகளில் இரும்புச் சட்டம், சுருள் கம்பிகள், ரப்பர் பட்டைகள், அவற்றின் மேல் மெத்தை என்று அடுக்கியிருப்பார்கள். மெத்தைக்கு ரப்பர் நுரையும் பயன்பட்டது. ரப்பர்ப் பாலை நுரை பொங்க அடித்து, அச்சில் ஊற்றி வேகவைத்துப் பஞ்சு போலாக்கும் முறையை 1929-ல் டன்லப் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். உலகுக்கு அந்தப் பாலை அதிகமாக அனுப்பிய நாடுகளில் மலாயா முன்னணியில் நின்றது. விடியுமுன் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வெட்டிய பால், துரைமார் காரில் மெத்தையாக வந்து உட்கார்ந்தது. இன்று பால்மரங்கள் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. அந்தக் காலத்துக் கார் ஒன்றைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் தம் கையால் பழுது பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதே என் எண்ணம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் பழைய இருக்கையை வீசிவிடாதீர்கள். கழற்றி வெயிலில் வைத்து உறையைப் பிரித்துப் பாருங்கள். ரப்பர் நுரை நாளடைவில் காய்ந்து மாவாக உதிரும். அது வயதின் குணம். உதிர்ந்தது நுரைதானே தவிர இருக்கை அல்ல. உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். வளையாமல், முறியாமல், துரு உள்ளே தின்னாமல் இருந்தால் பாதிச் செலவு மிச்சம். துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பெயிண்ட் அடித்து, அறுந்த பட்டைகளையும் கம்பிகளையும் மட்டும் மாற்றினால் போதும்.

மெத்தைக்கும் உறைக்கும் குஷன் கடைக்குப் போகலாம். லாரி, பஸ் இருக்கை தைக்கும் கடையாக இருந்தால் இன்னும் நல்லது. அழுத்தினால் உடனே அமுங்கிப் போகும் நுரை வேண்டாம். கெட்டியான நுரையாகக் கேளுங்கள். ரப்பர்ப் பால் தெளித்த தேங்காய் நார்த் தகடு கிடைத்தால் அதை அடியில் போட்டு மேலே நுரை வைக்கலாம், காற்றோட்டமும் இருக்கும்.

இங்கே தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய உறையைக் கிழிக்காமல், தையலை மட்டும் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு வையுங்கள். அதுதான் உங்கள் மாதிரி. முதலில் பழைய படுக்கை விரிப்பில் அதே அளவுக்கு வெட்டித் தைத்துப் பொருத்திப் பாருங்கள். சரியாக வந்த பிறகு ரெக்ஸினை வெட்டுங்கள். மெல்லிய ரெக்ஸினை வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே 16 அல்லது 18-ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைச் சற்று நீளமாக வைத்துத் தைக்கலாம். மூன்று நான்கு மடிப்பு சேரும் ஓரங்களை மட்டும் குஷன் கடைக்காரரிடம் கொடுங்கள். கூலி வெகுவாகக் குறையும்.

சட்டமே கெட்டுவிட்டதென்றால் அடுத்த வழி, கார்களைப் பிரித்துச் சாமான் விற்கும் போத்தோங் கடை. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் கார்களின் சாமான்களும், உள்நாட்டுக் கார்களின் சாமான்களும் அங்கே உண்டு. ஜப்பானிலும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால், அங்கிருந்து வரும் ஓட்டுநர் இருக்கையின் கைப்பிடி நமக்கு வசதியான பக்கத்திலேயே இருக்கும்.

எந்தக் காரின் இருக்கை பொருந்தும்? 1994-ல் வெளிவந்த கஞ்சில் சிறிய கார். அதன் இருக்கை ஒடுக்கமாக இருப்பதால் பழைய சிறு கார்களுக்கு அதை முதலில் பாருங்கள். ஆனால் தம்பியின் மோரிஸ் மைனர் இரண்டு கதவுக் காரா, நான்கு கதவுக் காரா? இரண்டு கதவென்றால் பின்னால் ஏற முன் இருக்கை மடிந்து சாய வேண்டும். நான்கு கதவுக் காரின் இருக்கை அப்படிச் சாயாது. பக்கத்தில் இரண்டே கதவுள்ள பழைய புரோட்டோன் சத்ரியா போன்ற காரின் இருக்கை சாயும். ஆனால் அகலம் கூடுதல். எனவே கடைக்குப் போகும்போது பணத்துக்கு முன் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு அளவுகள் வேண்டும். கதவோரச் சட்டத்துக்கும் நடுமேட்டுக்கும் இடையே தரையின் அகலம் ஒன்று. போல்ட்டுத் துளைகளின் இடைவெளி, முன்பின்னாகவும் பக்கவாட்டிலும், இரண்டு. தரையிலிருந்து உட்காரும் இடத்தின் உயரம் மூன்று. உட்கார்ந்தவர் தலைக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளி நான்கு. அந்த இடைவெளி நான்கு விரல்கடைக்குக் குறையக் கூடாது. புதுக் கார் இருக்கையின் அடிச் சறுக்குத் தண்டுகள் உயரமானவை. இதைப் பார்க்காமல் வாங்கினால் ஸ்டீயரிங் தொடையில் இடிக்கும்.

வாங்கக் கூடாதவை மூன்று. முதலாவது, வெள்ளத்தில் மூழ்கிய காரின் இருக்கை. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த பெருவெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படிப்பட்ட காரின் உறையைக் கழுவிவிடலாம். தண்டுகளின் இடுக்கில் படிந்த சேறும் மெத்தையின் நாற்றமும் போகாது. இரண்டாவது, பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள இருக்கை. உறை ஓரத்தில் ஏர்பேக் என்ற சீட்டு தைத்திருக்கும். அடியில் மஞ்சள் நிற வயர் முனை இருக்கும். அது வெடித்து விரியும் பொருள். வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பிரிக்கும் சாமான் அல்ல. மூன்றாவது, விபத்துக்குள்ளான காரின் பாதுகாப்பு வார். ஒரு முறை பலமாக இழுபட்ட வாரை மறுமுறை நம்ப முடியாது. வாரைப் புதிதாகவே வாங்குங்கள்.

இனி முக்கியமான இடம். இருக்கை வருமுன் தரைக் கம்பளத்தைத் தூக்கிவிட்டுத் தகரத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே இருக்கை போடக் கூடாது. கெட்ட தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்த பிறகே மேற்கொண்டு நினைக்க வேண்டும். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுகளை நான்கு மூலையிலும் போட்டு, தரைக்கு அடியில் உள்ளங்கை அகல இரும்புத் தகடு வைத்து முறுக்குங்கள். வெறும் வாஷர் மட்டும் போட்டால் இடிபடும்போது மெல்லிய தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பல புதுக் கார்களில் வாரின் கொக்கி இருக்கையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அத்தகைய இருக்கையைப் போட்டால், மோதும்போது ஆளின் பாரமும் அந்தப் போல்ட்டுகளில்தான் விழும். இந்த ஒரு வேலையை அனுபவமுள்ள வெல்டரிடம் விட்டுவிடுவதே புத்தி.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன் இருக்கையில் வார் அணிவது 1979 ஏப்ரல் முதலும், பின் இருக்கையில் 2009 ஜனவரி முதலும் கட்டாயம். 2020 முதல் குழந்தைகளுக்குத் தனி இருக்கையும் கட்டாயம். மிகப் பழைய கார்களுக்குச் சில விலக்குகள் உண்டு. சட்டம் விலக்குத் தந்தாலும் விபத்து விலக்குத் தராது. இருக்கையின் எண்ணிக்கையையோ காரின் அமைப்பையோ மாற்ற நினைத்தால், ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டு அனுமதி பெற்ற பிறகே கை வையுங்கள். பழைய இருக்கைச் சட்டத்தை எலி நுழையாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் காரின் மதிப்பைக் கூட்டுவது அதுதான்.

எல்லாம் முடிந்ததும் கேமரன் மலைச் சாலையில் ஏறிவிட வேண்டாம். முதலில் இருக்கையில் அமர்ந்து கால்களைத் தரையில் ஊன்றி முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பாருங்கள். பிறகு வீட்டுக்கு அருகே மெதுவாக ஓட்டி, நான்கைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்துப் போல்ட்டுகளை மறுபடியும் முறுக்குங்கள். அதன் பிறகு தந்தையாரை முன்னால் உட்கார வைத்துத் தாப்பா பட்டணத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், தம்பி.

அடுத்த இதழில் பழைய கார்களின் பிரேக்கைப் பற்றிப் பார்ப்போம்.