வேலியே பயிரை மேய்ந்த கதை

பங்குச் சந்தை தன்னைத் தானே ஆளவல்லது. அரசும் சட்டமும் அதனுட் புகலாகாது என்று வாதிடுவோர் இன்றும் உளர். அமெரிக்கப் பங்குச் சந்தையின் வரலாற்றையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். அது கூறும் சாட்சியம் யாது?

1792ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி, நியூயோர்க் நகரின் வோல் வீதியில் 24 தரகர்கள் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். மரத்தடியிற் கூடி ஒப்பமிட்டனர் என்பது வழக்கு. அதிற் கண்ட நிபந்தனைகள் இரண்டே. நூற்றுக்குக் காலுக்குக் குறைந்த தரகு எவரிடமும் வாங்குவதில்லை. கொடுக்கல் வாங்கலில் தம்முள் ஒருவருக்கொருவரே முதலிடம் கொடுப்பது. உழவர் பெருமக்களே! தரகரெல்லாரும் முன்கூட்டியே கூடிக் கூலியை நிர்ணயித்துவிட்ட சந்தையை நீங்கள் கட்டற்ற சந்தை என்பீர்களா? நிர்ணயத் தரகு என்னும் அம்மரபு ஒழிந்த நாள் 1975 மே முதலாந் திகதி. அதுவும் சந்தை மனமிரங்கியதாலன்று. அரசின் ஆணைக்குழு கட்டளையிட்டமையால்.

1920களில் நடந்தது இதனினுங் கொடிது. நூறு டொலர்ப் பங்கைப் பத்து டொலர் கொடுத்து வாங்கலாம். மிகுதித் தொண்ணூறு தரகர் தந்த கடன். விலை பத்து டொலர் ஏறினால் இட்ட முதல் இரட்டிக்கும். பத்து டொலர் இறங்கினால் முதல் முழுவதும் போகும். விலை சரிந்ததும் தரகர் மேலும் பணம் கேட்பார். கொடுக்க இயலாதவனின் பங்கை விற்பார். விற்க விற்க விலை மேலுஞ் சரியும். 1929 செப்டெம்பரில் 381 ஆயிருந்த டோ ஜோன்ஸ் சுட்டெண் 1932 யூலையில் 41 ஆயிற்று.

சந்தையின் காவலர் அப்போது யாவர்? 1929 ஒக்டோபர் 24இல் வங்கியாளரின் பணபலத்துடன் களத்தில் இறங்கி, உருக்குக் கம்பெனியொன்றின் பங்கைச் சந்தை விலைக்கு மேலாக 205 டொலருக்குக் கேட்டு வீரரெனப் புகழப்பட்டவர், உப தலைவர் றிச்சர்ட் விற்னி. அடுத்த ஆண்டு அவரே தலைவரானார். 1934இற் சட்டம் வந்தபோது அதனை முன்னின்று எதிர்த்தவரும் அவரே. 1938இல் அவர் சிங் சிங் சிறை புகுந்தார். குற்றம், பிறர் நம்பி ஒப்படைத்த சொத்தைக் கையாடியமை. இறந்த அங்கத்தவரின் குடும்பங்களுக்கெனச் சந்தை வைத்திருந்த நிதியையும் அவர் விட்டுவைத்தாரல்லர்!

பங்குச் சந்தையே வேண்டாமென்பதன்று எமது வாதம். புகையிரதப் பாதைகளும் ஆலைகளும் எழுவதற்கு அது முதல் திரட்டித் தந்தது. ஆனால், கம்பெனி தன் கணக்கை மறையாது வெளியிட வேண்டும், பொய்யுரைத்தால் தண்டனை உண்டு என்ற பாதுகாப்பை 1933ஆம், 1934ஆம் ஆண்டுச் சட்டங்களே நாடு முழுவதற்கும் அளித்தன. கடனுக்கு வரம்பிடும் அதிகாரம் மத்திய வங்கிக்குக் கிடைத்தது. 1974 முதல், பங்கு வாங்குவோர் பாதி விலையையேனும் தம் கையிலிருந்து இடவேண்டும்.

இன்றோ நியூயோர்க் சந்தையே இலாபம் தேடும் கம்பெனி. 2006இல் அது பங்கு வெளியிட்டது. 2013இல் வேறொரு கம்பெனிக்குச் சொந்தமாயிற்று. கணப்பொழுது முந்துவதற்காகப் பெருநிறுவனங்கள் தம் இயந்திரங்களைச் சந்தையின் இயந்திரங்களுக்கு அருகே வைக்கப் பணங் கட்டுகின்றன. 2010 மே 6இல் டோ ஜோன்ஸ் சில நிமிடங்களில் ஆயிரம் புள்ளியளவு வீழ்ந்து மீண்டது. அவ்விடைவெளியில் அஞ்சி விற்ற எளியவனுக்கு அந்த மீட்சியால் யாது பயன்?

சட்டத்தைத் தளர்த்துக என்போர் இச்சாட்சியத்துக்கு விடை கூறட்டும். அதுவரை வேலிக்கும் ஒரு காவல் வேண்டும்.