ஞாயிற்றுக்கிழமைத் தோட்டக்காரர்கள்

கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்தறியாத நான், இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு ஒரு கோல்ஃப் மைதானத்திற்குச் சென்று வருகிறேன். பணிமாற்றத்தால் வந்து சேர்ந்த வட இந்திய நகரொன்றில் உள்ளது அது. நான் ஆடச் செல்லவில்லை; களை எடுக்கச் செல்கிறேன். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, பள்ளி ஆசிரியை, மருந்துக்கடை உரிமையாளர் எனப் பதினைந்து பேர் கொண்ட தன்னார்வக் குழு எங்களுடையது. மன்றக் கட்டடத்தைச் சுற்றியுள்ள பூம்பாத்திகளும் நடைபாதை ஓரங்களும் எங்கள் பொறுப்பில் உள்ளன.

"வசதி படைத்தவர்கள் பந்தடிக்கும் இடத்தில் நீங்கள் ஏன் கூலியின்றி மண் கொத்த வேண்டும்?" என்று கிளையில் சக அலுவலர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' பகுதியில் நாங்கள் கால் வைப்பதில்லை. மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் புல்லை வெட்டிப் பேணும் அப்பணி, பயிற்சி பெற்ற ஊழியர்களுக்கே உரியது. (நம் நாட்டு மைதானங்கள் பலவற்றில் விரிந்திருக்கும் அந்தப் பச்சைக் கம்பளம், நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும்தான் என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.) எங்கள் முதன்மையான எதிரி பார்த்தீனியம். 1950களில் புணேயில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய இச்செடி, ஒன்றே பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். தோலில் பட்டால் அரிப்பு உண்டாக்கும். கையுறை அணிந்து, பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் ஒரு மாத உழைப்பு வீணாகும்.

வன மகோத்சவம் 1950இல் கே. எம். முன்ஷியால் தொடங்கப்பட்டது முதல், மரம் நடுவதில் நாம் குறை வைத்ததில்லை. நட்டதற்கு நீர் ஊற்றுவதில்தான் குறை. தொடர் வைப்புக் கணக்கு தொடங்குவோரின் உற்சாகம் நான்காம் தவணையில் தளர்வதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வரும் எனக்கு இது புதிதன்று.

எனினும், சென்ற குளிர்காலத்தில் எங்களைத் திகைக்க வைத்த செய்தி ஒன்று வந்தது. தன்னார்வலர்கள் இருப்பதால், ஒப்பந்தத் தோட்டக்காரர்கள் இருவரை நிறுத்திவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் பேசப்பட்டதாம். அவ்விருவரும்தாம் எங்களுக்கு மண்வெட்டி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர்கள். எங்கள் இலவச உழைப்பு அவர்களுடைய சம்பளத்தை விழுங்குமானால், அதன் பெயர் சேவையன்று. அப்படியொரு முடிவு எடுக்கப்பட்டால் நாங்கள் அனைவரும் விலகுவோம் என்று எழுதிக் கொடுத்தோம். முடிவு ஒத்திவைக்கப்பட்டது, கைவிடப்பட்டதாக இதுவரை அறிவிப்பில்லை.

ஆஸ்திரேலியாவின் சிற்றூர் மன்றங்கள் பலவற்றில், எண்ணெய் கலந்த மணலால் அமைந்த 'கிரீன்' பகுதிகள் முதல் பூச்செடிகள் வரை அனைத்தையும் உறுப்பினர்களே முறைவைத்துப் பராமரிக்கின்றனர். ஆடுபவரே அங்கு உழைப்பவர்; ஆகவே கேள்வி எழுவதில்லை. நம் நிலை வேறு. தில்லி கோல்ஃப் மன்றம் உட்பட, பெருநகரங்களில் மைதானங்கள் சில அரசு நிலத்தில் குத்தகையில் அமைந்துள்ளன. எங்கள் மைதானமும் அவ்வாறே. பொது நிலம், வேலியிட்ட பயன்பாடு, பொதுமக்களின் இலவச உழைப்பு: இம்மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போது, கணக்கில் வரவுப் பக்கம் வெறுமையாக இருப்பது வணிகவியல் படித்த என் கண்ணை உறுத்துகிறது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், கோல்ஃப் விளையாட்டின் தாய்வீடாகப் போற்றப்படும் 'ஓல்டு கோர்ஸ்' மைதானம், வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்திற்கு மூடப்படுகிறது. அன்று ஊர்மக்கள் குழந்தைகளுடன் அதில் உலவலாம். அங்கு இயலுவது இங்கு இயலாதென்று நான் கருதவில்லை. வாரந்தோறும் வேண்டாம், மாதம் ஒரு காலைப்பொழுது தோட்டப் பகுதியைப் பொதுமக்களுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் திறந்துவிடலாம். தன்னார்வலரைக் காரணம் காட்டி எந்தத் தோட்டக்காரரையும் நீக்குவதில்லை என்று எழுத்தில் உறுதி தரலாம். இவ்விரண்டும் கிடைத்தால், என் சக அலுவலரையே ஞாயிறு காலை அழைத்துச் செல்ல நான் தயார்.

இக்கோரிக்கைகளைச் செயலரிடம் கொடுத்து ஆறு வாரங்களாகின்றன. இதற்கிடையே சாமந்திப் பாத்திகளில் மீண்டும் களை தலைகாட்டத் தொடங்கிவிட்டது. வரும் ஞாயிறன்று மேற்கு நடைபாதை ஓரத்தைத் தோட்டக்காரர் எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்.