கதறியவரின் அமைதி

மெல்லிய ஒலியெல்லாம் புனிதம், வல்லொலியெல்லாம் உலகியல் என்றொரு கணக்கு நம்மிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. தியான மண்டபத்தில் விளக்கைக் குறைத்து, கீபோர்டில் நீண்ட ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தால் ஆவியார் இறங்கிவிட்டார் என நம்புகிறோம். எவரேனும் வாய்விட்டு அழுதால் முகம் சுளிக்கிறோம். இக்கணக்கு பிழையானது என்பதே என் வாதம். அதற்குச் சான்றாக ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொள்கிறேன். அத்தட்டைப் புகழ்வோரே இக்கணக்கை மிகுதியாகப் பரப்பி வருகின்றனர் என்பதால் இந்தத் தேர்வு.

2021 மார்ச் 26 அன்று வெளியான அத்தட்டின் பெயர் 'ப்ராமிசஸ்', அதாவது வாக்குறுதிகள். ஜாஸ் இசையின் முதுபெரும் கலைஞர் ஃபேரோ சாண்டர்ஸ் சாக்சபோன் வாசிக்கிறார். 'ஃப்ளோட்டிங் பாய்ண்ட்ஸ்' என்னும் புனைபெயரில் மின்னணு இசை அமைக்கும் ஆங்கிலேயர் சாம் ஷெப்பர்டு இதன் இசையமைப்பாளர். 1904-இல் தோன்றிய லண்டன் சிம்பனி இசைக்குழுவின் நரம்பிசைக் கலைஞர்கள் உடன் சேர்கின்றனர். தட்டு வெளிவந்தபோது சாண்டர்சுக்கு 80 வயது; ஷெப்பர்டு 1986-இல் பிறந்தவர். (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள். ஒருவர் பார்வோன், மற்றவர் மேய்ப்பர். எகிப்தியர்க்கு மேய்ப்பர் என்றாலே அருவருப்பு என்று தொடக்க நூல் சொல்வதை அறிந்தவர்கள் புன்னகைக்கலாம்.)

இசையின் அமைப்பு எளிது. ஒன்பது பகுதிகள், ஏறத்தாழ 46 நிமிடங்கள். ஏழே சுரங்கள் கொண்ட ஒரு சிறு கோவையை ஷெப்பர்டு விசைக்கருவிகளில் வாசிக்கிறார். அது ஒலித்து, அடங்கி, சற்று மௌனம் காத்து, மறுபடி ஒலிக்கிறது. தட்டின் பெரும்பகுதி முழுவதும் இந்த ஏழு சுரங்கள் மாலையில் மணிகள் உருள்வதுபோல் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவற்றுக்கிடையே விடப்பட்ட வெளியில்தான் சாண்டர்ஸ் நுழைகிறார். அவசரமே இல்லை. ஒரு சொற்றொடரைச் சொல்கிறார், நிறுத்துகிறார், தாம் சொன்னதைத் தாமே கேட்பவர்போல் காத்திருக்கிறார். நான்காம் பகுதியில் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சொற்களாக உருப்பெறாத ஒலிகளை முணுமுணுக்கிறார். முதியவர்கள் விடியற்காலையில் செபமாலை சொல்லும்போது உதடுகளிலிருந்து கசிகின்ற ஒலியைப் போன்றது அது. ஆறாம் பகுதியில் நரம்பிசை பெருவெள்ளமாக எழுந்து தாழ்கிறது. கடைசிப் பகுதியோ நீண்டதோர் அமைதிக்குப் பின் நரம்புகள் மட்டும் ஒலிக்கும் இரண்டு நிமிடச் சிறு துண்டு.

சாண்டர்சின் வாசிப்பு 2019-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவாயிற்று. நரம்பிசை மறு ஆண்டு, கொள்ளைநோய்க் காலத்தில், லண்டனின் ஏர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தது. அக்கூடம் முன்பு சீர்திருத்த சபையினரின் ஆலயமாக இருந்த கட்டடம் என்பது உபரிச் செய்தி.

உலகமே வீட்டில் அடைபட்டு அஞ்சிக் கிடந்த வேளையில் வெளிவந்ததால் மருந்து, ஆறுதல், தியானம் என்றெல்லாம் இதை வரவேற்றார்கள். அதில் எனக்கு வழக்கில்லை. நோயாளிக்கு ஆறுதல் வேண்டும். பெங்களூரில் பணிபுரியும் எம் பங்கு இளைஞர் ஒருவர், "ஃபாதர், இது கேட்டால் மனசுக்கு அவ்வளவு நிம்மதி, பத்து நிமிஷத்தில் தூக்கம் வந்துவிடும்" என்று சொல்லித்தான் இதை எனக்கு அறிமுகம் செய்தார். அவரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'ஆன்மிக இசை' என்ற சொல்லுக்கு 'நரம்பைத் தளர்த்தும் இசை' என்று பொருள் எழுதி, இந்தத் தட்டை ஊதுவத்திக்கும் தலையணைக்கும் நடுவே வைத்துவிடுவோரிடம் எனக்கு வழக்கு உண்டு. இந்த முதியவர் யார், எதைக் கடந்து இந்த அமைதிக்கு வந்தார் என்று அவர்கள் கேட்பதில்லை.

1940 அக்டோபர் 13-இல் அர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில் ஃபாரெல் சாண்டர்ஸ் என்ற பெயரோடு பிறந்தவர் இவர். இளமையில் ஆலயப் பாடல்களுக்குக் கிளாரினெட் வாசித்தார். ஒன்பது கருப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைவதற்குப் படை வரவேண்டியிருந்த 1957-ஆம் ஆண்டில், அதே ஊரில் இவர் பதினாறு வயதுச் சிறுவர். நியூயார்க்கு வந்தபின் தங்க இடமின்றித் தெருவில் உறங்கினார். உணவுக்காகத் தம் இரத்தத்தை விற்றார். சன் ரா என்ற இசைக்குழுத் தலைவர்தான் 'ஃபேரோ' எனப் பெயர் சூட்டினார் என்பர். அடிமைகளாக இருந்த இவருடைய முன்னோர் தம் பக்திப் பாடல்களில் எந்தப் பார்வோனிடமிருந்து விடுதலை கேட்டார்களோ, அந்தப் பெயரையே தாங்கி நடந்த மனிதர்! நான் இதை ஒரு வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ள இயலவில்லை.

1965-இல் ஜான் கோல்ட்ரேன் இவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். சாக்சபோன் பித்தளைக் குழல். எனினும் நாகசுரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படியே இதற்கு ஒற்றை நாணல் தகடு. அத்தகட்டின்மீது மூச்சையும் உதட்டழுத்தத்தையும் மாற்றி, ஒரே வேளையில் இரண்டு மூன்று சுரங்கள் பிளந்து கிளம்பும்படி சாண்டர்ஸ் வாசித்தார். அந்த ஒலியை 'இனிமை' என்று எவராலும் சொல்ல முடியாது. அது அலறல், ஓலம். கோல்ட்ரேனின் நெடுநாள் தோழரும் பியானோ மேதையுமான மக்காய் டைனர் அவ்வாண்டின் இறுதியில் குழுவை விட்டே விலகினார். இரைச்சலில் தாம் வாசிப்பது தமக்கே கேட்கவில்லை என்று அவர் வருந்தினார். பயிற்சி பெற்ற செவிகளுக்கே அப்படியென்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்வானேன்? இன்று 'புனிதம்' என்று போற்றப்படும் இதே மூச்சை அன்று 'சத்தம்' என்று தள்ளினார்கள். இரண்டு தீர்ப்புகளும் செவியின் சுகத்தை அளவுகோலாகக் கொண்டவை. ஆகவே இரண்டும் ஒரே தவறு.

இதை உணர 1969-இல் வெளிவந்த 'கர்மா' என்ற தட்டைக் கேட்க வேண்டும். படைத்தவரிடம் ஒரு பெருந்திட்டம் உண்டு என்பதைத் தலைப்பாகக் கொண்ட பாடல் அதில் ஏறத்தாழ 33 நிமிடங்கள் நீள்கிறது. லியோன் தாமஸ் பாடுகிறார். தொடக்கத்தில் மணியோசை, புல்லாங்குழல், தாலாட்டுப் போன்ற ஓர் எளிய மெட்டு. படைத்தவரின் திட்டத்தில் எல்லாருக்கும் அமைதியும் மகிழ்ச்சியும் உண்டு என்பதே பாட்டின் கருத்து. இதுவரை கேட்டால் நம் தியானக் கூடங்களிலும் இதை ஒலிக்கவிடலாம். ஆனால் நடுப்பகுதியில் என்ன நிகழ்கிறது? தாளம் சிதறுகிறது, குழல் வெடித்துக் கதறுகிறது, பாடகரின் குரலும் சொல்லிழந்து ஓலமிடுகிறது. சில நிமிடங்கள் படைத்தவரும் திட்டமும் எங்கே போயின என்று நாம் திகைக்கிறோம். அதன்பிறகே பழைய மெட்டு, காயம்பட்ட மனிதன் வீடு திரும்புவதுபோல் மெல்லத் திரும்பி வருகிறது.

அந்த ஆண்டை எண்ணிப் பாருங்கள். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓராண்டுகூட ஆகாத நிலையில், 1969 பிப்ரவரியில் இப்பாடல் பதிவாயிற்று. 1963-இல் பர்மிங்காம் ஆலயத்தில் வைக்கப்பட்ட வெடிகுண்டு நான்கு சிறுமியரைக் கொன்றிருந்தது. இறைவனுக்கு ஒரு திட்டம் உண்டு என்று அந்த மக்களிடையே நின்று சொல்லத் துணிபவன், அலறலை ஒதுக்கிவிட்டுச் சொன்னால் அவன் பொய்யன். அலறலின் வழியாகச் சென்று மறுபக்கத்தில் நின்று சொன்னால்தான் அது விசுவாசம். குருமடத்தில் இறைபராமரிப்பு என்னும் பாடத்தை நான் பல மாதங்கள் படித்தேன். அந்த நடுப்பகுதியில் உள்ள நேர்மை எம் பாடநூலில் இருந்ததாக நினைவில்லை.

விவிலியத்தில் இருந்தது. திருப்பாடல்களில் மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88-ஆம் திருப்பாடல் ஓர் ஆறுதல் சொல்லும் இன்றி இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதை நீக்கவில்லை, இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது. யோபு தன் நண்பர்களின் இனிய இறையியலை ஏற்கவில்லை; இறுதியில் ஆண்டவர் கடிந்துகொண்டது கத்திய யோபுவின் பேச்சையன்று, பக்குவமாகப் பேசிய நண்பர்களின் பேச்சையே. நம் ஆண்டவர் உயிர்விட்டது மெல்லிய பெருமூச்சோடு அன்று, உரத்த குரலோடு என மாற்கு எழுதுகிறார். அவர் உரத்த குரலெழுப்பிக் கண்ணீர் சிந்தி மன்றாடினார் என எபிரேயர் திருமுகம் சான்று பகர்கிறது. கல்வாரியின் ஒலியைப் பதிவுசெய்து இன்று தந்தால், நம்மில் எத்தனை பேர் அதை 'ஆன்மிக இசை' என்று ஏற்போம்?

"சாமியார் ஒரு ஜாஸ்காரரை ஞானஸ்நானம் செய்துவைக்கிறாரோ" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. அவர் நம்மவர் என்று நான் உரிமை கோரவில்லை. 1970-இல் வந்த அவருடைய தட்டொன்றில் ஒரு பக்கத்து இசை குரானின் சொற்களைத் தலைப்பாகக் கொண்டது. மறுபக்கத்து இசையின் தலைப்பு 122-ஆம் திருப்பாடலை நினைவூட்டுவது. கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரின் பெயரைத் தாங்கி 1971-இல் ஆலிஸ் கோல்ட்ரேன் வெளியிட்ட தட்டிலும் வாசித்தவர் இவரே. அவருடைய சமயம் பல வாசல்கள் கொண்ட வீடு. கோல்ட்ரேனைத் தந்தையாகவும் சாண்டர்சை மகனாகவும் தம்மைத் தூய ஆவியாகவும் வருணித்த ஆல்பர்ட் அய்லரின் பேச்சோ எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. மூவொரு இறைவன் இசைக்கலைஞர்களின் வரிசைமுறை அல்லர். ஆனால் செபத்தின் பயிற்சியை வெளியாரிடமிருந்து கற்பது நமக்கு இழுக்கன்று. கானானியப் பெண்ணின் கூச்சலைத் தாங்கமாட்டாமல் அவளை அனுப்பிவிடச் சொன்னவர்கள் சீடர்களே!

மற்றொரு குறையும் கேட்கிறது: 'ப்ராமிசஸ்' தட்டில் கிழவர் வாசித்தது கொஞ்சம், இளைஞர் தம் மின்கருவிகளுக்கு ஒரு பெரிய பெயரை அணிகலனாக மாட்டிக்கொண்டார் என்று. இதைச் சொல்வோர் சுரங்களை எண்ணுகின்றனர். நரம்பியல் ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற ஷெப்பர்டு, எண்ணற்ற ஒலிகளைப் பிறப்பிக்கவல்ல கருவிகளை வைத்துக்கொண்டு ஏழு சுரங்களோடு நின்றுகொண்டாரே, அதை எண்ணவில்லை. முதியவர் பேச வருமுன் இடத்தை ஒழித்து வைத்துவிட்டு, அவர் பேசும்வரை காத்திருப்பது சிறிய மரியாதையா? மின்னணுக் கருவி என்றாலே உயிரற்றது எனப் பழிப்பவர்களும் இதைக் கவனிக்கலாம். உயிரின்மை கருவியில் இல்லை, இடைவெளியே விடாமல் அதை ஒலிக்கச் செய்யும் கையில் இருக்கிறது. நம் ஆலயங்களில் நற்கருணை உட்கொண்டபின் வரும் அரை நிமிட மௌனத்தையும் பொறுக்காமல் கீபோர்டால் நிரப்பும் கைகளை நான் அறிவேன்.

தவிர, அந்தப் பழைய கரகரப்பு இத்தட்டில் இல்லாமலும் இல்லை. ஏழாம் பகுதியில் குழல் மீண்டும் பிளக்கிறது. தூக்கத்துக்காகக் கேட்பவர் அதற்குள் உறங்கிவிட்டிருப்பார். அவர் இழந்தது அதைத்தான்.

2022 செப்டம்பர் 24 அன்று சாண்டர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். மறு ஆண்டு செப்டம்பரில் அந்நகரின் ஹாலிவுட் பௌல் அரங்கில் இவ்விசை மேடையேறியபோது, ஷபாகா ஹட்சிங்ஸ் அவரிடத்தில் நின்று வாசித்தார். எம் பங்கு இளைஞரிடம் நான் ஒன்று கேட்டுக்கொண்டேன். முதலில் 'கர்மா'வின் 33 நிமிடங்களை, நடுவே நிறுத்தாமல், ஒலியைக் குறைக்காமல், விளக்கெரியும் அறையில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். அதன்பின் 'ப்ராமிசஸ்' தட்டைப் போடட்டும். அன்றிரவு தமக்குத் தூக்கம் வரவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார்.