தேவையில்லாமல் யாரும் அந்தக் கதவைத் தட்டுவதில்லை

மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறவர் நம் ஊரில் இரண்டு வசைகளில் ஒன்றைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. நினைவு தப்பிய நிலையில் கைத்தாங்கலாக அழைத்துப் போனால் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’. வேலைக்குப் போய்க்கொண்டும் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டும் நாலு பேரிடம் சிரித்துப் பேசிக்கொண்டும் இருப்பவர் போனால், ‘இவளுக்கு என்ன கேடு? சும்மா மனசைப் போட்டு உழப்பிக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடுறா.’ முதல் வசை தவறு என்று சொல்ல இன்று பலர் இருக்கிறார்கள். இரண்டாவதைக் கண்டிக்க ஆளில்லை. படித்தவர்கள் அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள்: உண்மையில் சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் மருத்துவரிடம் போவதில்லை; போகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை.

இதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பொய். அந்தப் பொய்தான் முதல் பாதியை உண்மையாக்கிக்கொண்டிருக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு.

‘தேவையில்லாமல் போகிறார்கள்’ என்ற பேச்சை வெறும் அபிப்பிராயமாக விடாமல் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2001க்கும் 2003க்கும் இடையே நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 5,692 பேர் தந்த விவரங்களை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியானது. மனநலத்துக்காக உதவி தேடிப் போனவர்களில் 61.2 சதவீதத்தினருக்குக் கணக்கெடுப்புக்கு முந்தைய ஓராண்டுக்குள் வரையறுக்கப்பட்ட ஒரு மனநோய் இருந்தது. இத்தோடு நிறுத்தினால், நூற்றில் மீதி நாற்பது பேர் வீணாகப் போனார்கள் என்று தோன்றும். ஆய்வு அங்கே நிற்கவில்லை. இன்னும் 21.1 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் முன்பு எப்போதோ நோய் இருந்திருக்கிறது. 9.7 சதவீதத்தினரிடம் வேறு காரணம் இருந்தது: நோயின் எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் அறிகுறிகள், அந்த ஆண்டில் விழுந்த பலத்த அடி, அல்லது முன்பு மருத்துவமனையில் சேர்ந்திருந்த வரலாறு. எந்தக் காரணமும் தென்படாதவர்கள் 8 சதவீதம். மனநல நிபுணர்கள் பார்த்த சந்திப்புகளில் அவர்களுடைய பங்கு சுமார் 2 சதவீதம்தான்.

மருத்துவரும் ஆலோசகரும் நம்மைவிடப் பல மடங்கு அதிகமாக உள்ள நாட்டின் கணக்கு இது. அங்கேயே நூற்றில் 92 பேர் காரணத்தோடுதான் போயிருக்கிறார்கள். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்பதுதான் விகிதம். அரை நாள் கூலியை இழந்து, பஸ் ஏறி, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்கும் பெண்ணைப் பார்த்து ‘பொழுது போகாமல் வந்தவள்’ என்று சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

அந்த 21 சதவீதத்தினரைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். ஏனென்றால் நம் வீடுகளில் மிகப் பெரிய கேடு இவர்களுக்குத்தான் நடக்கிறது. ஒரு காலத்தில் நோய் இருந்தது, இப்போது அறிகுறி இல்லை. சிகிச்சையால் நோய் அடங்கியிருப்பவர்களும் இந்தக் கூட்டத்தில்தான் வருகிறார்கள். இருமுனை நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர், மனச்சிதைவுக்கு மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறவர், இரண்டு முறை கடும் மனச்சோர்வில் விழுந்து எழுந்தவர். இவர்களைப் பார்த்து, ‘நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்கு மாத்திரை?’ என்று மாமியார் கேட்கிறார், சித்தப்பா கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். அவர் நன்றாக இருப்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. அதே சாட்சியை மருந்து வேண்டாம் என்பதற்குத் திருப்பிவிடுகிறோம். சர்க்கரை இறங்கிவிட்டது என்று அப்பா மாத்திரையைத் தூக்கிப் போட்டால் வீடே சேர்ந்து திட்டும். மனநல மாத்திரையைத் தூக்கிப் போட்டால் வீடே சேர்ந்து மெச்சுகிறது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த விஷயமே. மனச்சிதைவு நோயாளிகள் 6,493 பேரை உள்ளடக்கிய 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் ஒரு கட்டுரை வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 சதவீதத்தினருக்கு. மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 64 சதவீதத்தினருக்கு. பிரிட்டனில், மனச்சோர்வு மருந்தை நெடுநாள் சாப்பிட்டு, நிறுத்தலாம் என்று எண்ணும் அளவுக்குத் தேறியிருந்த 478 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு. நிறுத்திய பிறகும் நலமாக இருந்தவர்கள் இதில் கணிசம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் யார் நிறுத்தலாம், எப்போது, எவ்வளவு மெதுவாக என்பது மருத்துவரும் நோயாளியும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய காரியம். சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து சொல்லும் தீர்ப்பு அதற்கு ஈடாகாது.

கல்யாணப் பேச்சு வந்துவிட்டால் இந்தக் கொடுமை முற்றுகிறது. ‘மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? இப்பத்தான் நல்லாயிட்டியே, மாத்திரையை விட்டுடு’ என்று பெற்ற தாயே சொல்கிறார். புது ஊர், புது வீடு, தூக்கமில்லாத சடங்கு நாட்கள், எல்லாம் சேர்ந்து வரும் வேளையில் மருந்தும் நின்றுபோகிறது. சில மாதங்களில் நோய் திரும்புகிறது. பிறகு ‘மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள்’ என்று வழக்கு. தேவையில்லை என்று நாம் முடிவு கட்டிய சிகிச்சைக்கான விலையை அந்தப் பெண் வாழ்நாளெல்லாம் கட்டுகிறாள்.

நோய் இருந்தும் அது மனநோய் என்று அறியாதவர்களுக்கு வருகிறேன். திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை மரத்துப்போகிறது, இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது. அவசரப் பிரிவுக்கு ஓடுகிறார். ஈ.சி.ஜி. நார்மல். எக்கோ நார்மல். ‘உங்களுக்கு ஒண்ணும் இல்லை, கேஸ் ட்ரபிள்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, கடன். பல மாதம் கழித்து யாரோ ஒரு மருத்துவர் மனநலப் பிரிவுக்கு எழுதித் தரும்போது, ‘எனக்கு என்ன பைத்தியமா?’ என்று அவரே கோபப்படுகிறார். அவருக்கு இருப்பது பீதி நோய்; அது சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். அங்கே போகத் தேவையில்லை என்று நினைத்த மாதங்களில்தான் அவருடைய காசும் நிம்மதியும் கரைந்தன.

குடிகாரக் கணவனிடம் அடிபட்டு, இரவுகளில் தூங்காமல் கிடக்கும் பெண்ணுக்கு எந்த நோய்ப் பெயரும் பொருந்தாமல் போகலாம். அதனால் அவளுக்கு உதவி தேவையில்லை என்று ஆகிவிடுமா? அவள் பேசுவதை ஒருவர் முழுதாகக் கேட்பதும், கணவனைக் குடிநோய் சிகிச்சைக்குக் கொண்டுவர வழி சொல்வதும், சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று காட்டுவதும் மனநல சேவைதான். சிகிச்சை என்றாலே மாத்திரை என்று எண்ணுகிறவர்களுக்குத்தான் அவள் வந்தது வீணாகத் தெரியும்.

மருந்து மிகையாக எழுதப்படுவதில்லையா என்று கேட்பார்கள். எழுதப்படுகிறது. தூக்க மாத்திரைகளை மாதக்கணக்கில் நீட்டிக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பழைய சீட்டைக் காட்டினால் எடுத்துக் கொடுத்துவிடும் மருந்துக் கடைகளும் இருக்கின்றன. நோயாளியிடம் ஐந்து நிமிடம்கூடப் பேசாமல் சீட்டு எழுதுவது பெருங்குற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது தவறான சிகிச்சை. அதற்குக் கேள்வி கேட்க வேண்டியது எழுதியவரையும் விற்றவரையும். வலியோடு வந்தவரைப் பார்த்து ‘நீ ஏன் வந்தாய்’ என்று கேட்பதில் எந்த நியாயமும் இல்லை.

இப்போது, தேவைப்படுகிறவர்கள் மருத்துவரிடம் போவதில்லை என்ற உண்மையான முதல் பாதி. 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், 10.6 சதவீதத்தினர், ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு இருந்தார்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறு உள்ளவர்களில் 85 சதவீதத்தினருக்குச் சிகிச்சை எட்டவில்லை. குடிநோயில் 86 சதவீதம். கடுமையான மனநோய்களில்கூட 73 சதவீதத்துக்கு மேல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். இந்த நாட்டின் நோய் சிகிச்சைக் குறைவு. மிகை என்று புலம்புவதற்கு இங்கே எதுவும் மிஞ்சிக் கிடக்கவில்லை.

மருத்துவர் பற்றாக்குறையும் தூரமும் இதற்குக் காரணம், மறுக்கவில்லை. ஆனால் மாவட்டத் தலைநகரில் இலவச மருந்தோடு மனநலப் பிரிவு திறந்திருந்தும் ஒருவர் போகத் தயங்குகிறார் என்றால், ‘உனக்கு என்ன குறை?’ என்ற கேள்வி அவருக்குள் இருந்தே எழுந்துவிட்டது. தன் வேதனை போதுமானதா, அதைச் சொல்லிக்கொள்ளத் தனக்குத் தகுதி உண்டா என்று அவரே தன்னை விசாரிக்கிறார். முற்றிய பிறகுதான் வருகிறார். வரும்போது முதல் வசை காத்திருக்கிறது. இலேசாக இருக்கும்போது வந்தால் நடிப்பு, முற்றியபின் வந்தால் பைத்தியம். இவர் எந்த நாளில்தான் வருவது?

சட்டம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. ஒருவர் முன்பு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்பதை மட்டும் வைத்து இன்று அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. இரண்டு வசைகளுக்கும் அதில் இடமில்லை.

உங்கள் வீட்டில் யாராவது மனநல மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொன்னால், அவருக்குத் தேவையா இல்லையா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கூடப் போங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் நன்றாக இருந்தால் சந்தோஷப்படுங்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள். நேரில் போக முடியாதவர்களுக்கு ‘டெலி மானஸ்’ என்ற அரசின் தொலைபேசி உதவி 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.